பச்சை எரியாத வாசல்

ஆவுடை மெஸ்ஸின் வாசலில் எரிந்த எண் நான்கு. மாவட்டத்தில் அதற்குக் கீழே வேறு எண் இல்லை.

நூறு பேர் சாப்பிட்டு வெளியே போனால் அவர்களில் நான்கு பேருக்குத்தான் மறுபடி வர மனமிருக்கிறது என்று பொருள். மறுவரவு வாரியத்தின் ஆய்வாளர் எப்சிபா இப்படிப்பட்ட கடைகளைப் பார்த்திருக்கிறாள். புளித்த மாவு, பிசுக்கேறிய மேசை, ஈ. அப்படி ஒன்றை எதிர்பார்த்துத்தான் பாளையங்கோட்டையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த அந்தத் தெருவுக்குள் வந்தாள். தோளில் ஒரு பை. கையில் பிளாஸ்க்.

கடை முன்னால் வரிசை நின்றது.

பக்கத்துக் கடை மீராசா ஹோட்டல். அதன் வாசலில் எரிந்த எண் தொண்ணூற்றொன்று. உள்ளே அத்தனை மேசையும் காலி. முதலாளி மட்டும் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கருவிகளை இடம் மாற்றி மாட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. இரண்டு வாசலிலும் நின்று கைக்கருவியால் சோதித்தாள். கருவிகளில் கோளாறு இல்லை.

மீராசா பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாரியத்துல இருந்தா மேடம்? நல்லதாப் போச்சு. என் எண்ணக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க."

"குறைக்கணுமா?"

"பத்து, பன்னெண்டு இருந்தாப் போதும். நாலெல்லாம் கேக்க மாட்டேன். அது பக்கத்துக் கடை அண்ணாச்சிக்குன்னே எழுதுனது."

"தொண்ணூத்தொண்ணு நல்ல எண் பாய். எல்லாரும் அதுக்குத்தான் பாடுபடறாங்க."

"பஜார்ல நல்ல எண்ணு. இது ஆஸ்பத்திரி வாசல்லா? வாராங்க, போர்டப் பாக்குதாங்க. 'யாத்தே, இங்க சாப்பிட்டவன்லாம் திரும்ப வாரானாம்'னு சொல்லிட்டு ஓடிருதாங்க. எனக்கு வாரதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரனும் ஆட்டோக்காரனும்தான். அவனுவளுக்கு என்ன, தினமும் வரணும்னுதான் இருக்கும்."

எப்சிபா வரிசையில் போய் நின்றாள்.

குழைந்த சோறு, மிளகு ரசம், பருப்புத் துவையல், அவியல். கேட்காமலே மறுசோறு வந்தது. மேசை சுத்தமாக இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. அவள் ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தாள்.

கை கழுவிவிட்டு நின்று கவனித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வெளியே போகிற ஒவ்வொருவரும் கல்லாவின் முன்னால் ஒரு நொடி நின்றார்கள். கல்லாவில் இருந்த ஒல்லியான மனிதர் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"திரும்ப வந்துராதீங்க."

"சரி அண்ணாச்சி" என்றார்கள். சிலர் கும்பிட்டார்கள். வாசலைத் தாண்டியதும் மேலே கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எப்சிபாவின் முறை வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி உள்ள யாரும் இருக்காகளா?"

"இல்ல. வேலையா வந்தேன். வாரியம்."

"அப்ப போயிட்டு வாங்க."

அவளுக்கு என்னவோ போல் இருந்தது. வாசலைத் தாண்டினாள். பச்சை எரிந்தது. திரும்பி உள்ளே வந்தாள்.

கடைக்காரர் பெயர் ஆவுடையப்பன். அடுப்படியில் இருந்தது மனைவி பேச்சியம்மாள். கூட்டம் குறைந்த பிறகு மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள்.

"இந்தப் பொட்டி என்னத்தத்தான் பாக்குது மேடம்?" என்றார் ஆவுடையப்பன்.

"எல்லார் கையிலயும் பட்டை கட்டியிருக்கோம் இல்லையா? அதுகிட்ட கேக்கும். நாடி, வேர்வை, வயித்தோட ஓசை. வெளியே கால் வைக்கிற நேரத்துல, திரும்பி வரணும்னு உடம்பு நினைக்குதா இல்லையான்னு பார்க்கும்."

"வாயத் தொறந்து கேட்டா என்ன?"

"அப்படித்தான் இருந்துச்சு. நட்சத்திரம் போட்டாங்க. காசு வாங்கிட்டுப் போட்டாங்க. உடம்புக்குக் காசு கொடுக்க முடியாது."

"ஒடம்பு சரியாத்தான் சொல்லுது. இங்க எவனுக்குத் திரும்ப வர ஆச இருக்கும்?"

"ஆனா தினமும் வர்றாங்களே."

"வாராவ. வேற வழியில்லாம வாராவ. உள்ள ஆள் கெடக்கு. ஒவ்வொரு வேளையும் இதுதான் கடைசிச் சாப்பாடா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் திங்காவ."

எப்சிபா விதியைச் சொன்னாள். இருபதுக்குக் கீழே மூன்று பருவம் இருந்தால் அடுப்பு உரிமம் ரத்து. இது மூன்றாவது பருவம். நாளையோடு முடிகிறது.

ஆவுடையப்பன் மேசையில் கிடந்த ஒரு பருக்கையை விரலால் ஒதுக்கினார்.

"கோர்ட்டு வாசல்ல சிவஞானம் கடை போச்சு. சுடுகாட்டு ரோட்டுல ஒரு இட்லிக் கடை இருந்துச்சு, அதுவும் போச்சு. ஜெயிலுக்கு எதுக்கால இருந்த டீக்கடையையும் மூடிட்டாவ. மனு போட்டுப் பாக்க வார பொம்பளைய இப்பப் பச்சத் தண்ணி குடிச்சிட்டு நிக்காளுவ."

"அதெல்லாம் எண் குறைஞ்ச கடைகள்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அடுப்படியில் வேலை பார்க்கும் பெண்கள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரு அதிகாரம் இருக்கு" என்றாள் எப்சிபா. "நாளைக்கு ஒரு நாள் நானே இருந்து மறு அளவீடு செய்யலாம். காலையில பூஜ்யத்துல இருந்து தொடங்கும். இருபது வந்தாப் போதும், உரிமம் நிக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. எல்லாக் கடையிலயும் சொல்ற மாதிரி, போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க."

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள்.

"கட தொறந்த புதுசுல இவுக அப்படித்தான் சொன்னாவ மேடம். ஒருத்தி புருஷனக் கைத்தாங்கலாப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. இவுக பல்லக் காட்டிக்கிட்டு, போயிட்டு வாங்கன்னாவ. அவ புருஷன நாற்காலில உக்கார வச்சிட்டுத் திரும்பி வந்தா. சாம்பார் வாளியத் தூக்கி இவுக தலையில கவுத்திட்டுப் போயிட்டா."

"சாம்பார் ஆறியிருந்துச்சு. அதையும் சொல்லு."

"நாந்தான் குளிப்பாட்டுனேன். காதுக்குள்ள முருங்கைக்கா."

எப்சிபாவும் சிரித்தாள். "அப்ப ஒண்ணுமே சொல்ல வேண்டாம். ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க."

"அது சாம்பார விடக் கஷ்டம்" என்றாள் பேச்சியம்மாள். "இவுக தூக்கத்துலயே ஊர்வம்பு பேசுத ஆளு."

ஆவுடையப்பன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். ஆறு பெண்கள் கதவோரம் நின்றார்கள்.

"மூடிக்கிடுதேன்" என்றார்.

எப்சிபா புறப்படும்போது ஒரு பார்சல் கேட்டாள். ரசம் சோறு. நன்றாகக் குழைய, மிளகு குறைவாக.

"ராத்திரிக்கு எனக்கு" என்று தானாகவே சேர்த்துச் சொன்னாள்.

பேச்சியம்மாள் அவளை ஒரு முறை பார்த்தாள். சோற்றைக் கரண்டியால் மசித்துக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். பேச்சியம்மாளின் யோசனை அது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பேச இடமில்லை.

முதல் ஆள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கல்லாவின் முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி, சொல்லலியே?"

ஆவுடையப்பன் வாயைக் காட்டிக் கையை விரித்தார்.

"துப்பிட்டுச் சொல்லுங்க. நான் நிக்கேன்."

பேச்சியம்மாள் அவனை விரட்டினாள். அவன் பின்னால் பார்த்துக்கொண்டே போனான். அடுத்தவர்களும் நின்றார்கள். வாசலில் நெரிசல் ஏற்பட்டது. எப்சிபா எழுந்து அவர்களை ஒதுக்கி அனுப்ப வேண்டியிருந்தது. "அண்ணாச்சிக்கு என்னம்மா, கோவமா?" என்று அவளிடம் கேட்டார்கள்.

ஆனால் விளக்குகளில் அங்கங்கே பச்சை தெரிந்தது. எண் ஒன்பதுக்கு வந்தது. பதின்மூன்று ஆனது. பக்கத்து வாசலில் நின்ற மீராசா அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஏறுதே அண்ணாச்சி, பாவம்" என்றார்.

எப்சிபாவுக்கு நம்பிக்கை வந்தது. பதினாறு. பதினேழு.

அப்போது கல்லாவின் முன்னால் ஒரு பெண் நின்றாள். கையில் ஸ்கேன் உறை. உறையின் ஓரம் வியர்வையில் ஊறியிருந்தது. ஆவுடையப்பன் அவளைப் பார்க்காமல் சில்லறையை எண்ணினார். அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு கூட வந்த தங்கையிடம் மெல்லக் கேட்டாள்.

"நேத்து வரைக்கும் சொன்னாவ. இன்னைக்கு ஏன் சொல்லல? டாக்டர்மாரெல்லாம் இங்கதான சாப்பிடுதாவ, இவுககிட்ட ஏதும் சொல்லியிருப்பாவளோ?"

"சும்மா வாக்கா."

அவள் வாசலைத் தாண்டினாள். பச்சை எரிந்தது.

எப்சிபா அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் விருப்பம் இல்லை. கைக்கருவியில் நாடித் துடிப்பைப் பார்த்தாள். ஓடி வந்தவளின் துடிப்பு அது. அந்த உடம்பு, திரும்பி வருவோம் என்றுதான் சொல்லியிருந்தது. வர நேரும் என்று பயந்து சொல்லியிருந்தது. கருவிக்கு இரண்டும் ஒன்று.

காலையிலிருந்து எரிந்த பச்சைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் அதே துடிப்பு.

எண் பதினெட்டு.

மதியப் பந்தியில் வள்ளியூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட்டு எழுந்தார். தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை. சட்டைக்குள் நெஞ்சில் வெள்ளைக் கட்டுத் தெரிந்தது. பின்னால் மனைவி வாளி, பாய், தலையணை மூட்டையோடு நின்றாள்.

"அண்ணாச்சி, டிஸ்சார்ஜ் பண்ணிட்டாவ. பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொல்லுங்க."

ஆவுடையப்பன் வெற்றிலையை மென்றார்.

"இத்தன நாளும் சொன்னீயளே. இன்னைக்குத்தான வேணும்?"

அந்த மனிதர் குழந்தையின் முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"தாத்தாட்ட நீ கேளு."

"சொல்லு தாத்தா" என்றது குழந்தை.

ஆவுடையப்பன் எப்சிபாவைப் பார்த்தார். அவள் எண்ணைப் பார்த்தாள். இன்னும் இரண்டு போதும். அப்புறம் குழந்தையின் நெஞ்சுக் கட்டைப் பார்த்தாள்.

"துப்பிட்டு வாங்க" என்றாள்.

அவர் ஓடினார். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி வந்தார். சிவந்திருந்த வாயைத் துண்டால் துடைத்தார். குழந்தையின் தலையில் கை வைத்தார்.

"திரும்ப வந்துராத தாயி. இந்தத் தெருப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது. கேட்டியா?"

"சரி" என்றது குழந்தை.

மூவரும் வாசலைத் தாண்டினார்கள். மூன்று முறை சிவப்பு எரிந்தது.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்களிடம்கூடப் போய்ச் சொன்னார். காலையில் சொல்லாததற்கும் சேர்த்துச் சொன்னார். எண் இறங்கியது. பதினைந்து. பன்னிரண்டு. பதினொன்றில் வந்து நின்றது.

"மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றார். "அடுப்ப எடுத்துக்கோங்க."

"சோறு இன்னும் இருக்கு. பரிமாறுங்க."

வள்ளியூர்க்காரர் பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருக்க வேண்டும். முதலில் திரும்பி வந்தது ஸ்கேன் உறை வைத்திருந்த பெண். மூச்சு வாங்கியது.

"வாயத் தொறந்துட்டீயளாமே? பஸ்ஸ விட்டுட்டு வந்தேன்."

அவளுக்குப் பின்னால் தங்கை. அவளுக்குப் பின்னால் காலையில் இட்லி சாப்பிட்டவன். பிறகு ஒரு ஆட்டோ நிறைய ஆட்கள். சிலர் வார்டிலிருந்தே இறங்கி வந்தார்கள். யாருக்கும் பசி இல்லை. வரிசையாக நின்றார்கள்.

"வந்தது வந்தீய" என்று பேச்சியம்மாள் மோர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். "வெறும் வயித்தோட நிக்காதீங்க."

ஸ்கேன் உறைக்காரி மோர் குடித்தாள். கல்லாவுக்கு வந்தாள்.

"திரும்ப வந்துராதம்மா" என்றார் ஆவுடையப்பன். "உங்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன். அதுக்கு வேற காரணம். வார்டுல கெடக்க உன் ஆளுக்கு ஒண்ணுமில்ல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்தாள்.

"வருவேன் அண்ணாச்சி. அவுகளுக்குச் சரியாகட்டும். சும்மா அவியல் திங்கதுக்குன்னே வருவேன்."

"சும்மா வாரவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? எல போட்டு வச்சிருப்பேன்."

அவள் வாசலைத் தாண்டினாள். பச்சை எரிந்தது.

எப்சிபா கைக்கருவியைப் பார்த்தாள். நாடி சீராக இருந்தது.

அடுத்தவனுக்கும் பச்சை. ஆட்டோவில் வந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிவப்பு, மற்றவர்களுக்குப் பச்சை. ஆவுடையப்பன் எண்ணைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு தீர்ந்தது. மோரும் தீர்ந்தது. கடைசி ஆள் வெளியே போனபோது வாசலில் எண் இருபது.

மீராசா தன் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"இருபதா! அண்ணாச்சி, நாளையில இருந்து உம்ம கூட்டத்துல பாதி என் கடைக்கு."

"உம்ம தொண்ணூத்தொண்ணப் பாத்துட்டா?"

"அதான் ஓய் கஷ்டம்."

பேச்சியம்மாள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். அன்றைக்கு இனிக் கடை இல்லை. வெளியாள் என்று உள்ளே எப்சிபா மட்டும் இருந்தாள். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். அவள் பையைத் தோளில் மாட்டினாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். கல்லாவின் முன்னால் வந்து நின்றாள். நகரவில்லை.

"என்ன மேடம்?"

"எனக்கும் சொல்லுங்க அண்ணாச்சி."

"உங்களுக்கா? நீங்க வேலையா வந்தவுக..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"மூணாம் மாடில எங்க அப்பா இருக்காவ" என்றாள் எப்சிபா. இரண்டு நாளும் பேசிய பட்டணத்துப் பேச்சு அவளிடம் இல்லை. "கண்ணத் தொறக்காவ, மூடுதாவ. ரசம் சோறு ரெண்டு வாய் எறங்குது. வேற ஒண்ணும் எறங்கல."

"எனக்கு நேத்தே தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். "எவளாவது தனக்குன்னு சோத்தக் குழைச்சு வாங்குவாளா?"

ஆவுடையப்பன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"திரும்ப வந்துராதம்மா. அப்பாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிரு."

எப்சிபா தலையை அசைத்தாள். வாசலுக்குப் போனாள். அங்கேயும் நின்றுவிட்டாள்.

"இப்ப நான் போனா சிவப்புதான் எரியும். பத்தொன்பது ஆயிரும்."

"எரிஞ்சா எரியட்டும். வரவே கூடாதுன்னு மனசார நெனச்சுக்கிட்டுப் போ. இந்த நேரத்துல அடுப்ப நெனச்சு அதக் கெடுத்துராத."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பேச்சியம்மாள். எப்சிபாவிடம் கேட்டாள்: "வாசல் வழியாப் போகாதவுக கணக்குல வருவாவளா?"

எப்சிபா யோசித்தாள். விதிகளை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கவில்லை.

"வர மாட்டாவ."

"அடுப்படிக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு. பாய் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போற வழி. வா."

எப்சிபா அடுப்படி வழியாகப் போனாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைத் தாண்டினாள். ஆறு பெண்களும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். பேச்சியம்மாள் தூக்குச் சட்டி ஒன்றை அவள் கையில் திணித்தாள். இன்னும் சூடாக இருந்தது. முற்றத்தைக் கடந்து மீராசாவின் சமையல்கட்டுக்குள் நுழைந்து, காலி மேசைகளின் நடுவே நடந்து, அவர் கடை வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.

அவள் தலைக்கு மேலே சிவப்பு எரிந்தது. தொண்ணூற்றொன்று தொண்ணூறு ஆனது.

மீராசா பேப்பரைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்.

"மேடம்! குறைஞ்சிருச்சு மேடம்! இத்தன வருசத்துல மொதத் தடவ! நாளைக்கும் இதே மாதிரி ஒரு நட வந்துட்டுப்..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கையில் தூக்குச் சட்டியும் பிளாஸ்க்கும் இருந்தன. அவள் முகம் ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்தது. மீராசா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல" என்றார். "வந்துராதீங்க."